சிவப்பு அட்டை கட்டிய பல்

வாவிக்கரை வட்டாரப் பற்சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் பெயரை எழுதி ஒட்டியிருப்பார்கள். மணிக்கூட்டுக்குக் கீழே ‘மணிக்கூடு’ என்று இருக்கும். யன்னலில் ‘யன்னல்’ என்று இருக்கும். யன்னலுக்கு வெளியே தெரியும் வாவிக்கு மட்டும் இன்னும் ஒட்டவில்லை. அது வேறு திணைக்களத்தின் பொறுப்பில் வருவதால் அனுமதி கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

அரச நிறுவனங்களுக்கான ஒழுங்கமைப்புப் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து முதலிடம் பெற்ற நிலையம் அது. வாசலில் ஆளுயரப் பலகையொன்றில் ஐந்து கட்டளைகள் எழுதப்பட்டிருந்தன. தேவையற்றதை அகற்று. உள்ளதை உரிய இடத்தில் வை. துப்புரவு செய். எல்லாவற்றையும் ஒரே முறையில் செய். இதையே வழக்கமாக்கு. பலகையைத் தினமும் துடைத்தார்கள். துடைக்கிறவர்கள் யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

இந்த நிலையத்துக்குத்தான் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு, மாங்கேணியிலிருந்து வினாயகமூர்த்தி வந்து சேர்ந்தார். கடலுக்குப் போகிற மனிதர். வயது ஐம்பத்திரண்டு. கச்சான் காற்று வீசி, கரையில் நல்ல மீன்பாடு இருக்கிற நாட்களில் தோணியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்திருக்கிறார் என்றால் வலி எப்படிப்பட்டதென்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். மூன்று கிழமையாக அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இருந்தால் வலித்தது, படுத்தால் கூடுதலாக வலித்தது, நடந்தால் மட்டும் வலி கொஞ்சம் பின்னால் நின்றது. ஆகவே நடந்துகொண்டே இருந்தார்.

நிலையத்தில் நடப்பதற்கு இடமில்லை. நோயாளர் நிற்க வேண்டிய இடங்களில் மஞ்சள் நிறத்தில் பாதங்கள் கீறியிருந்தார்கள்.

“ஐயா, பாதத்தில நில்லுங்க,” என்றார் ஜெயந்தன். அவர் நிலையத்தின் ஒழுங்கமைப்பு உத்தியோகத்தர். சட்டைப் பையில் அவர் பெயரும், பையின் மேல் ‘பை’ என்றும் ஒட்டியிருந்தது.

“நிண்டா கொதிக்குது தம்பி. இவடத்தயே கொஞ்சம் நடக்கிறன்.”

“நடக்கிறதெண்டா பச்சை அம்புக்குறியில நடக்கணும். அது மலசலகூடத்துக்குப் போற வழி. போறயளா?”

வினாயகமூர்த்தி பதினொரு தடவை மலசலகூடத்துக்குப் போய் வந்தார். பன்னிரண்டாவது தடவை போகும்போது பெயரைக் கூப்பிட்டார்கள்.

பல் வைத்தியர் விதுர்ஷா இளவயதுக்காரி. நியமனம் கிடைத்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், படம் பிடித்துப் பார்த்தார், பிறகு சுற்றிவளைக்காமல் சொன்னார்.

“ஐயா, இந்தக் கடைசிப் பல்லு சரிவராது. வேர் வரைக்கும் பழுதாப் போச்சு, அடியில சீழ் கட்டியிருக்கு. இதைப் பிடுங்கத்தான் வேணும்.”

“பிடுங்கினா மத்தப் பல்லெல்லாம் ஆடிப்போகுமாமே? கண்பார்வையும் குறையுமெண்டு சனம் சொல்லுது.”

“அது சும்மா கதை. நீங்க பிடுங்காம விட்டாத்தான் வில்லங்கம். இது முன்னுக்குள்ள பல்லுப் பக்கமாச் சரிஞ்சு நிக்குது. இடுக்கில சாப்பாடு இறுகுது, உங்கட பிரஷ் அங்க போகாது. பக்கத்துப் பல்லும் அரிக்கத் தொடங்கிட்டு. இதை எடுத்திட்டா அதைச் சுத்தமா வச்சிருக்கலாம். நான் அடைச்சும் தருவன். ஒண்டைக் குடுத்து ஒண்டைக் காப்பாத்துறம். அவ்வளவுதான்.”

பக்கத்துப் பல் என்றதும் வினாயகமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது பக்கக் கடைவாய்ப் பற்கள் அவருக்குப் பத்து வருடத்துக்கு முன்பே போய்விட்டன. படகு இயந்திரத்தின் கயிற்றுப்பிடி முகத்தில் அடித்த அடியில் போனவை அவை. அதற்குப் பிறகு அவர் கடித்த கருவாடு, சப்பிய முறுக்கு எல்லாம் அந்த இடது பக்கத்துப் பல்லின் புண்ணியம். அதுவும் போனால் மிச்சக் காலம் முழுக்கக் கஞ்சிதான்.

“அப்ப இப்பயே பிடுங்குங்க டொக்டர். நான் பயப்படமாட்டன்.”

விதுர்ஷா சுவரைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு வெள்ளைப் பலகையில் பல் பிடுங்கும் குறடுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு குறட்டுக்கும் பின்னால் அதன் உருவம் கறுப்பு மையால் கீறப்பட்டிருந்தது. குறட்டை எடுத்தால் அந்தக் கறுப்பு உருவம் தனியே தெரியும். அப்படித் தெரிவதற்கு நிலையத்தின் விதிப்படி மூன்று நிமிடம் அனுமதி. போட்டியின் மதிப்பீட்டுக் குழு எந்த நேரமும் வரலாம், வந்து பார்க்கும்போது ஓர் இடம் வெறுமையாக இருந்தால் புள்ளி போய்விடும். ஆனால் பாவித்த குறட்டை அவித்துக் கிருமி நீக்கி எடுக்க நாற்பது நிமிடம் வேண்டும். மூன்றுக்குள் நாற்பதை எப்படி அடக்குவதென்று யாருக்கும் தெரியாததால், சித்திரை மாதத்துக்குப் பிறகு யாரும் குறட்டைத் தொடவில்லை.

விதுர்ஷா வினாயகமூர்த்தியைக் கூட்டிக்கொண்டு பணிப்பாளர் நல்லரத்தினத்தின் அறைக்குப் போனார். நல்லரத்தினம் கோபப்படவில்லை. மேடையில் நிற்பது போல எழுந்து நின்றார்.

“சித்திரை தொடக்கம் இந்நிலையத்தில் ஒரு பல்லேனும் பிடுங்கப்படவில்லை. இதன் கருத்து என்ன? எமது மக்களின் பற்கள் யாவும் ஆரோக்கியம் அடைந்துவிட்டன என்பதே. வாகரையிலிருந்து நாவற்குடா வரை எமது சேவையின் பலனை இன்று அனுபவிக்காத வாயே இல்லை. அமைச்சுக்கு நான் அறிக்கையும் அனுப்பிவிட்டேன்.”

“அப்ப என்ட பல்லு, ஐயா?” என்று கேட்டார் வினாயகமூர்த்தி. கன்னம் வீங்கியிருந்ததால் பாதிச் சொல் உள்ளேயே நின்றது.

“உங்களுடைய பல் புள்ளிவிபரத்துக்கு முரணாக இருக்கிறது,” என்றார் பணிப்பாளர், வருத்தத்துடன்.

“சேர், விட்டா பக்கத்துப் பல்லும் போயிரும். வேற ஆஸ்பத்திரிக்காவது கடிதம் தாங்க,” என்றார் விதுர்ஷா.

“அனுப்பினால் அதுவும் எமது பிடுங்கலாகவே கணக்கிடப்படும். ஆனால் வழியில்லாமல் இல்லை, டொக்டர். பிடுங்குதல் என்ற சொல்லைத் தவிர்ப்போம். தேவையற்ற பொருட்களை அகற்றுவதற்குத் தனியாகச் சுற்றுநிருபம் இருக்கிறது. அதன் கீழ் செய்வோம்.”

அந்தச் சுற்றுநிருபத்தின்படி, தேவையற்ற பொருள் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். கட்டிய பொருளைச் சிவப்புக் கோடு போட்ட சதுரத்துக்குள் முப்பது நாள் வைத்திருக்க வேண்டும். வேறு ஏதாவது அலுவலகத்துக்கு அது தேவைப்பட்டால் கேட்டு எழுதுவதற்கான அவகாசம் அது. யாரும் கேட்காவிட்டால் அகற்றலாம். ஜெயந்தன் படிவத்தோடு வந்தார்.

“பொருளின் பெயர் பல்லு. சரி. நிறம்?”

“கறுப்பும் மஞ்சளும்,” என்றார் விதுர்ஷா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

“எந்த வருசம் வாங்கினயள் ஐயா?”

“வாங்கல்ல தம்பி. தானா முளைச்சது.”

ஜெயந்தன் சற்று யோசித்து ‘நன்கொடை’ என்று எழுதினார். நன்கொடையாளர் என்ற கூட்டில் ‘தாய்’ என்று எழுதினார். அட்டையைப் பல்லிலேயே கட்டத்தான் அவருக்கு விருப்பம். விதுர்ஷா கையைத் தட்டிவிட்டதால் சட்டைப் பொத்தானில் கட்டினார். கிளினிக் கொப்பியிலும் சிவப்பு முத்திரை ஒன்று விழுந்தது. பல் சதுரத்துக்குள் இருக்க வேண்டும், பல் வாய்க்குள் இருந்தது, வாய் வினாயகமூர்த்தியிடம் இருந்தது. ஆகவே ஒவ்வொரு திங்களும் வியாழனும் காலை முதல் மாலை வரை அவர் சதுரத்துக்குள் இருப்பதென்று முடிவாகியது.

சதுரத்துக்குள் ஏற்கெனவே நாலு உடைந்த கதிரைகளும், ஒரு பழுதடைந்த குளிர்சாதனப் பெட்டியும், சில்லுக் கழன்ற தள்ளுவண்டியும் இருந்தன. அவற்றின் நடுவே வினாயகமூர்த்தி நடந்தார். எட்டடி அந்தப் பக்கம், எட்டடி இந்தப் பக்கம்.

“ஐயா, பொருள் அசையக்கூடாது,” என்பார் ஜெயந்தன்.

“நான் அசையல்ல தம்பி. பல்லுத்தான் என்னைப் போட்டு இழுக்குது.”

தனியாரிடம் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனார். அந்த வைத்தியர் கிளினிக் கொப்பியைத் திறந்து சிவப்பு முத்திரையைக் கண்டதும் கையுறையைக் கழற்றிவிட்டார். “அரசாங்கப் பட்டியலில ஏறின சாமான். நாளைக்கு ஆரும் வந்து எங்க பல்லெண்டு கேட்டா நான் என்ன செய்யிற?” என்றாராம்.

ஏழாம் நாள் விதுர்ஷா வாயைப் பார்த்துவிட்டு, “பக்கத்துப் பல்லில கறுப்புப் புள்ளி பெருக்குது ஐயா. இன்னும் மோசமில்ல,” என்றார். சீழ் அடங்க மருந்து கொடுத்தார். வீக்கம் வற்றி, மறுபடி வந்தது. வீட்டில் இராசாத்தி கணவனுக்குச் சோற்றைக் குழையப் பிசைந்து கொடுத்தாள். “இந்த நாட்டில ஒரு பல்லைப் பிடுங்க வக்கில்லயா? நான் வந்து கேக்கட்டா?” என்று அவள் துள்ளியபோது, “வராத. வந்தா உனக்கும் ஒரு அட்டை கட்டுவானுகள்,” என்றார் அவர். உண்மையாகவே பயந்துதான் சொன்னார்.

பதினேழாம் நாள் ஒரு கடிதம் வந்தது. மலைநாட்டில் எங்கோ உள்ள ஓர் அலுவலகம், பட்டியலில் கண்ட பொருள் நல்ல நிலையில் இருந்தால் தமக்கு இரண்டு அனுப்பும்படி கேட்டிருந்தது. ஜெயந்தன் கடிதத்தோடு சதுரத்துக்கு ஓடி வந்தார்.

“ஐயா, பக்கத்தில உள்ளதையும் சேத்தா ரெண்டு வரும். ஒரே படிவத்தில முடிச்சிரலாம்.”

வினாயகமூர்த்தி உடைந்த கதிரையொன்றின் காலைக் கையில் எடுத்தார். ஜெயந்தன் போய், ‘கையிருப்பில் ஒன்றே உண்டு, அதுவும் பாவனைக்கு உதவாது’ என்று பதில் எழுதினார்.

இருபத்தோராம் நாள் விதுர்ஷா சிரிக்கவில்லை. “இன்னும் பத்து நாளைக்குள்ள இது போகாட்டி, அதையும் காப்பாத்த ஏலாது ஐயா. நேத்தும் சேரிட்ட கேட்டன். விதி விதிதான் எண்டு சொல்லிட்டார்.” அதைக் கேட்டபோது வினாயகமூர்த்திக்கு வலியைவிட அவமானம்தான் கூடுதலாக இருந்தது. கடலில் எத்தனையோ பெரிய காற்றுக்கு ஈடுகொடுத்த மனிதன், ஒரு சிவப்புக் கோட்டுக்குள் நின்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோமே என்று மனம் பொருமியது.

முப்பதாம் நாள் புதன்கிழமை, பொது விடுமுறை. முப்பத்தோராம் நாள் வியாழன், மதிப்பீட்டுக் குழு வந்தது. பாண்ட் வாத்தியம் முழங்க, வெற்றிலைத் தட்டத்தோடு வரவேற்றார்கள். குழுத் தலைவர் ஒல்லியான மனிதர். மணிக்கூட்டைப் பார்த்தார், அதன் பெயரைப் பார்த்தார், திருப்தியோடு தலையாட்டினார். யன்னலையும் அப்படியே. குறட்டுப் பலகையின் முன்னே நின்று, “ஒரு குறடுகூட அசைந்த அடையாளமே இல்லை. அருமை,” என்றார். பணிப்பாளருக்குக் கண் கலங்கியது.

பிறகு சிவப்புச் சதுரத்துக்கு வந்தார். வினாயகமூர்த்தியின் பொத்தானில் தொங்கிய அட்டையைப் பிடித்து வாசித்தார். விரல் விட்டு எண்ணினார்.

“முப்பது நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. இன்று முப்பத்தொன்று. தேவையற்ற பொருள் அகற்றப்படவில்லை. ஐந்து புள்ளி குறையும்.”

நல்லரத்தினத்தின் முகத்தில் இரத்தம் வற்றியது. “டொக்டர்! உடனே பிடுங்குங்கள்!” என்று கத்தினார். தவிர்ப்போம் என்று அவரே சொல்லியிருந்த சொல் அது.

“குறட்டை முதல்ல அவிக்கணும் சேர். நாப்பது நிமிசம். அதுக்குக் குறைய விடமாட்டன்,” என்றார் விதுர்ஷா.

நாற்பது நிமிடம் குழுவைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதற்குப் பணிப்பாளர் சிரமப்படவில்லை, பேசினார். “பல்லை விட ஒழுங்கு பெரிது. பல் இன்றிருக்கும், நாளை விழும். பலகையில் கீறிய கோடு என்றும் நிற்கும். நோயாளர் வருகையால் எமது தரைக்கு ஏற்படும் தேய்மானத்தை ஐம்பது வீதம் குறைத்துள்ளோம். அடுத்த ஆண்டு நோயாளரே வராத நிலையமாக இதை உயர்த்துவோம்!” குழு கைதட்டியது. குறடு எடுத்த வெறும் இடத்தை மறைத்தபடி ஜெயந்தன் பலகையோடு ஒட்டி நின்றார். தலைவர் ஏனென்று கேட்டார். “குறடு வரும் வரைக்கும் அதின்ட இடத்தில நான் நிக்கிறன் சேர்.” தலைவர் அதை மெச்சி, ‘பதில் கடமை ஏற்பாடு உண்டு’ என்று குறித்துக்கொண்டார்.

உள்ளே விறைப்பு ஊசி போட்டு, விதுர்ஷா ஆறு நிமிடத்தில் பல்லை எடுத்துவிட்டார். பஞ்சைக் கடித்துக்கொண்டு வினாயகமூர்த்தி கதிரையில் சாய்ந்தார். ஐம்பது நாளைக்குப் பிறகு அவர் அசையாமல் இருந்தது அப்போதுதான்.

புண் ஆறியதும் பக்கத்துப் பல்லை விதுர்ஷா அடைத்துக் கொடுத்தார். வினாயகமூர்த்தி அதைக் காலையும் இரவும் துலக்கினார், இடுக்கில்லாமல் பிரஷ் வழுக்கிக்கொண்டு போயிற்று. கடலுக்குப் போனார். ஒருநாள் சுட்ட பாரைக் கருவாட்டை நறுக்கென்று கடித்தார். சத்தம் கேட்டு இராசாத்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

நிலையத்துக்கு நாலாவது தடவையும் முதலிடம் கிடைத்தது. நிலையத்திலேயே நடந்த விருது விழாவுக்கு வினாயகமூர்த்தி கௌரவ விருந்தினர். கையில் டொக்டருக்கென்று ஒரு பை கருவாட்டோடு வந்தார். வாசலிலேயே ஜெயந்தன் அதில் ‘கருவாடு’ என்று ஒட்டினார். மண்டபத்தின் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே வெல்வெட் துணியில் அவருடைய கறுத்த பல்லும், அதைப் பிடுங்கிய குறடும் கிடந்தன. நிலையத்தில் இருந்த ஒரேயொரு கீழ்க் கடைவாய்க் குறடு அது. பலகையில் அதற்கிருந்த கறுப்பு உருவத்தை வெள்ளை மையால் அழித்துவிட்டிருந்தார்கள். இப்போது வெறுமையான இடமே கிடையாது.

மஞ்சள் பாதங்களில் ஒரு பெண் நின்றாள். இல்லை, நிற்க முடியாமல் ஒரு பாதத்திலிருந்து மற்றப் பாதத்துக்கு மாறிக்கொண்டே இருந்தாள். ஏறாவூரிலிருந்து வந்த ஸகியா. முக்காட்டின் மேலாக வலது கன்னத்தை அழுத்தியிருந்தாள்.

“அண்ணன், நீங்கதானே அந்தப் பல்லுப் புடுங்கின ஆள்? எப்பிடிப் புடுங்கினாங்க? எனக்குக் கீழ்ப் பல்லு. பக்கத்துப் பல்லும் வலிக்கத் துவங்கிட்டு. டொக்டர் புடுங்க ஓம் எண்டுறா, ஆனா குறடு பெட்டிக்குள்ளயாம். யா அல்லாஹ், இருக்கவும் ஏலாம கிடக்கு.”

வினாயகமூர்த்தி பதில் சொல்வதற்குள் மேடைக்கு அழைத்துவிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பித்தளையில் வார்த்த பல் ஒன்றைக் கருங்கல் பீடத்தில் பொருத்தி நினைவுச் சின்னமாகக் கொடுத்தார்கள், நல்ல பாரம். இரண்டு வார்த்தை பேசும்படி ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

“எனக்குப் பேச்சுப் பேசத் தெரியா,” என்றார் அவர். “ஒரு பல்லைப் பிடுங்கினதாலதான் மத்தப் பல்லுத் தப்பிச்சு. அதை எனக்கு ஒழுங்காச் சொன்னது இந்த டொக்டர் புள்ள. என்ட பல்லை நீங்களே வச்சிருங்க. அந்தக் குறட்டை மட்டும் எடுத்து, அங்க நிக்கிற தங்கச்சிக்குப் பாவியுங்க.”

பலத்த கைதட்டல். பணிப்பாளர் ஒலிவாங்கியை வாங்கினார். “கௌரவ விருந்தினரின் நகைச்சுவை உணர்வுக்கு நன்றி. பெட்டி முத்திரையிடப்பட்டது, அடுத்த மதிப்பீடு வரை திறக்கப்படாது. அந்தச் சகோதரிக்கும் சுற்றுநிருபத்தின்படி ஆவன செய்யப்படும்.”

ஜெயந்தன் ஒரு சிவப்பு அட்டையோடும் படிவத்தோடும் ஸகியாவிடம் போனார். “எந்த வருசம் வாங்கினயள்?” என்று கேட்டார்.

“என்னத்த?”

“பல்லை.”

ஸகியா அழத் தொடங்கினாள். வினாயகமூர்த்தி மேடையிலிருந்து இறங்கினார். மஞ்சள் பாதங்களையும் பச்சை அம்புக்குறியையும் குறுக்கே கடந்து போனார். வாசல் பலகையின் முதல் வரியை ஒருமுறை வாசித்தார்: தேவையற்றதை அகற்று. திரும்பி வந்து, பொன்னாடையைக் கையில் சுற்றி, நினைவுச் சின்னத்தை ஓங்கிக் கண்ணாடிப் பெட்டியில் போட்டார்.

பாண்ட் வாத்தியம் பாதியில் நின்றது. அவர் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவிலிருந்து குறட்டை எடுத்து, வேட்டியில் துடைக்காமல், அப்படியே விதுர்ஷாவிடம் நீட்டினார். விதுர்ஷா அதை வாங்கினார். பணிப்பாளரின் முகத்தைப் பார்க்கவில்லை.

“அவிக்க நாப்பது நிமிசம் தங்கச்சி. உள்ள வந்து இருங்க,” என்றார்.

ஸகியா பாதங்களை விட்டு இறங்கி உள்ளே போனாள். ஜெயந்தனின் கையில் சிவப்பு அட்டை மிஞ்சிப் போயிருந்தது. அவர் சிறிது நேரம் அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குனிந்து, அதை உடைந்த பெட்டியின் சட்டத்தில் கட்டினார். ‘கண்ணாடிப் பெட்டி. தேவையற்றது. நாள் 1’ என்று எழுதினார்.